கோணல் பின்னல்

"இதை நெய்தவளுக்கு ரெண்டுமே இடது கையா?"

பெண்ணின் அத்தை ஹாஜர் தங்க வளையலைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். பெண் கேட்க வந்திருந்த மெலிஹாவும் அவள் மகன் சாலிஹும் தரையைப் பார்த்தார்கள்.

துருக்கியின் கடலோர ஊரான திராப்சோனில் பெண் கேட்க வெறுங்கையோடு வர முடியாது. மயிரிழைத் தங்கக் கம்பியைத் துணி போல நெய்த பட்டை வளையல் வேண்டும். பெண்கள் நெய்வார்கள், ஆண்கள் கடை வைத்து விற்பார்கள். கல்யாணப் பெண் பெல்கிஸோ அந்த வட்டாரத்திலேயே கைதேர்ந்த நெசவுக்காரி. அவள் கையில் கண்டதையும் மாட்டினால் ஊர் சிரிக்கும்.

அத்தை குறை கண்டுபிடிக்கவென்றே கண்ணாடி போட்டவள். முக்காட்டின் பட்டு முனையில் வளையலை வைத்து இழுத்தாள். பட்டு சிக்கிக்கொண்டது.

"பாத்தீங்களா? நல்ல பின்னல்னா வழுக்கிட்டுப் போகணும். எந்தக் கடைக்காரன் இதை உங்க தலையில கட்டினான்?"

"தெரிஞ்ச இடம்தான்..." மெலிஹா மென்று விழுங்கினாள்.

"திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா பல் டாக்டர் வீட்டுலயும் எங்க பொண்ணைக் கேட்டிருக்காங்க. அவங்களுக்கு நாளைக்கே சரின்னு சொல்லிடுவோம்."

சாலிஹின் முகம் வெளுத்துவிட்டது. "வேற வாங்கிடறேன், அத்தை. இன்னிக்கே வாங்கிடறேன்."

அந்த நேரம் பெல்கிஸ் காபித் தட்டோடு வந்தாள். வழக்கப்படி மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. முகம் சுளிக்காமல் குடித்துக் காட்டுவது அவன் பாடு. கோப்பையை வாங்கிய கையில் மூன்று விரல்களுக்குப் பிளாஸ்திரி.

"கையில என்ன தம்பி?" அத்தை அதையும் விடவில்லை.

"வலை இழுத்ததுல அறுத்துடுச்சு, அத்தை."

ஜன்னலுக்கு வெளியே, மீன்பிடித் தடைக்காலம் என்று மூன்று மாதமாகக் கரையேறிய படகுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சாலிஹ் காபியை ஒரே மடக்கில் குடித்தான். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் முகம் மாறவில்லை.

பெல்கிஸ் வளையலை வாங்கி ஜன்னலோரம் கொண்டு போனாள். ஆரம்பத்தில் பின்னல் தாறுமாறாக இருந்தது. நடுவில் கொஞ்சம் பரவாயில்லை. கடைசி விரற்கடை அவளே நெய்தது போல இருந்தது. அவள் வளையலைப் பார்த்தாள், படகுகளைப் பார்த்தாள். வளையலைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"ஏய், கழட்டுடி! உன் தொழிலுக்கே கேவலம்!"

"கழட்ட மாட்டேன், அத்தை."

சாலிஹின் கையிலிருந்த காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"இதை நெய்தவருக்கு இன்னொரு காபி கொண்டு வரேன், இந்தத் தடவை சர்க்கரை போட்டு."