முதல் புகார்

"இந்த போர்டை மாட்டினவன் எவனோ, அவனுக்குக் காலு ரெண்டும் நல்லா இருக்கு. அந்தத் திமிரு!"

வெங்காய மண்டிக்காரம்மா போட்ட சத்தத்தில், படியேறிக்கொண்டிருந்த நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பல்கலைக்கழக லிஃப்டின் பட்டனுக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. 'லிஃப்ட் பழுது. படிகளைப் பயன்படுத்தவும்.'

"அம்மா, மெதுவா..." என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த மகள்.

"என்ன மெதுவா? பத்து மணிக்குப் பரீட்சை. அதுவும் மூணாவது மாடியில. படியைப் பயன்படுத்தணுமாம்! உன் சக்கரத்துக்குக் காலா முளைச்சிருக்கு?"

"கொஞ்சம் இரும்மா. அவர் இப்போ வந்துடுவாரு."

"யாரு? மொட்டை மாடியில இருந்து கயிறு கட்டி இழுக்கிறவரா?"

தினமும் மகளைக் கொண்டுவந்து விடும் வேன்காரருக்குக் காய்ச்சல். அதனால்தான் இன்றைக்கு மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அம்மாவே வந்திருந்தாள். அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் தூசி. தொட்ட மாத்திரத்தில் மூட்டை வந்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

"எத்தனை நாளாடி தொங்குது இது?"

"மூணு மாசமா. ஆனா நான் சொல்றதைக் கேளு..."

"மூணு மாசமா! வீட்டுல ஒரு வார்த்தை சொன்னியா? மூட்டை மாதிரியா உன்னைத் தூக்கிட்டுப் போறாங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த அலுவலகத்துக்கு விடுவிடுவென்று நடந்தாள். மகளும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அலுவலக வாசலில் ஐந்து படி. மகள் கீழேயே நின்றுவிட்டாள். போன் அடித்தாள். அம்மா கட் பண்ணினாள். மறுபடி அடித்தாள். மறுபடியும் கட்.

"லிஃப்ட்தானே? நானும்தான் அந்தக் கட்டடத்துல மூணு மாசமா படியேறறேன். முட்டி தேஞ்சே போச்சு," என்றார் கண்காணிப்பாளர்.

"ஏன் சார், ஒரு புகார் கொடுக்கிறதுக்கென்ன?"

"யாராவது கொடுத்திருப்பாங்கன்னு இருந்துட்டேன்." பதிவேட்டைப் புரட்டினார். "இல்லையே. நீங்கதான் முதல் புகார்."

"இத்தனை ஆயிரம் பேர் படிச்சவங்க. வெங்காயம் விக்கிறவ வந்துதான் முதல் புகார் கொடுக்கணுமா?"

"எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. ஒரு மாசத்துல பார்க்கிறோம்."

"அஞ்சு நிமிஷம்."

"என்னம்மா இது? சரி, ஒரு வாரம்."

"அஞ்சு நிமிஷம். இல்லேன்னா இந்த மேஜை மேலதான் உட்காருவேன். கூட்டம் தானா சேரும்."

மண்டியில் அவளோடு பேசி ஜெயித்த ஆள் கிடையாது. நாலாவது நிமிஷம் கண்காணிப்பாளர், மெக்கானிக்கையும் இழுத்துக்கொண்டு லிஃப்ட் முன்னால் நின்றார்.

மெக்கானிக் தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். விளக்கு எரிந்தது. கதவு சமர்த்தாகத் திறந்தது.

"பழுதெல்லாம் ஒண்ணுமில்லை சார். யாரோ அணைச்சில்ல வெச்சிருக்காங்க!"

அப்போதுதான், பரீட்சை அறைகளைத் திறந்துவிட்டு, கையில் சாவிக்கொத்தோடு லிஃப்ட்காரர் ஓடி வந்தார்.

"யார்யா போர்டு மாட்டினது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

லிஃப்ட்காரர் மகளை ஒரு பார்வை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு பட்டனை அமுக்க உடம்பு வலிக்குதோ? இன்னொரு தடவை போர்டு தொங்கட்டும், உன் வேலை போயிடும்!" கண்காணிப்பாளர் அட்டையை நாலாகக் கிழித்தார்.

"நல்லா உறைக்கிற மாதிரிக் கேளுங்க சார்!" என்றாள் அம்மா.

"லிஃப்ட் ஓடுதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. முதலில் ஏறியவர் கண்காணிப்பாளர். "முட்டி வலிம்மா, தப்பா நினைக்காதீங்க." கதவு மகளின் மூக்குக்கு நேரே மூடிக்கொண்டது.

இரண்டாவது தடவை, கீழே வண்டி நிறுத்தும் தளத்திலேயே நிரம்பி வந்தது. "சாரிம்மா, அடுத்ததுல வந்துடுங்க," என்றார் ஒரு பேராசிரியர், அன்பாக.

மூன்றாவது தடவையும் அதே கதை. "அந்தப் பொண்ணுக்கு வழி விடுங்கப்பா," என்று லிஃப்ட்காரர் கெஞ்சினார். காதில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

மணி ஒன்பது ஐம்பது. பத்துக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் பரீட்சை அறைக்குள் விடமாட்டார்கள். இந்தப் பரீட்சையைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமா எப்படித்தாண்டி மேல போனே?"

"இதே லிஃப்ட்லதாம்மா, நான் மட்டும். யாராவது பார்த்துக் கேட்டா, 'சோதனை ஓட்டம்'னு சொல்லிடுவாரு."

"யாரு?"

"லிஃப்ட்கார அண்ணன்தான். 'வீல்சேருக்கு முதல் இடம்'னுதான் முதல்ல போர்டு வெச்சாரு. ஒருத்தரும் மதிக்கலை. அப்புறம்தான் 'பழுது'ன்னு எழுதினாரு. உடனே எல்லாரும் மதிச்சாங்க."

அம்மா மூட்டைக்கு மூட்டை பேர் எழுதும் தடிமனான பேனாவைப் பையிலிருந்து உருவி, லிஃப்ட்காரர் கையில் திணித்தாள்.

"அண்ணே, வேலை போச்சுன்னா நேரா மண்டிக்கு வாங்க, நான் தர்றேன். இப்போ முதல்ல வேற போர்டு எழுதி மாட்டுங்க. 'பழுது'ன்னு மட்டும் எழுதாதீங்க, என்னை மாதிரி இன்னொருத்தி வந்து புகார் கொடுப்பா. 'கம்பி அறுந்து தொங்குது'ன்னு எழுதுங்க. பெருசா எழுதுங்க!"