ஒரே ஒரு 'ங்க'

பனியன் ஆர்டர் பேச வருடாவருடம் இங்கிலாந்துக்குத் தனியாகப் போய்வரும் என் கணவர் தண்டபாணி, இந்த முறைதான் திருப்பூரிலிருந்து என்னையும் கூட்டிப்போனார். யார்க் நகரில், அருங்காட்சியகமாக்கிய ஒரு பழைய வணிகர் வீட்டைப் பார்க்கப் போனோம். தலையில் இடிக்கும் உத்தரம் வருமுன்பே இவர் குனிந்துகொண்டார். பழகிய வீடுபோல.

மாடியில் எஜமானியின் படுக்கையறை. அவள் செத்து இருநூறு வருடமாம். குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கிளம்பும்போது இவர் காலிக் கட்டிலைப் பார்த்து, "போயிட்டு வர்றனுங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளாக என்னிடம் ஒரு 'ங்க' போட்டதில்லை.

"ஆருகிட்டச் சொன்னீங்க?"

"ஆருமில்ல. வா புள்ள" என்று படியிறங்கினார்.

நான் நின்று, அவரைப்போலவே பழித்துக்காட்டினேன். "நானும் போயிட்டு வர்றனுங்க."

"நீ இரு கண்ணு" என்றது கட்டிலிலிருந்து ஒரு பெண்குரல். எங்கள் ஊர்ப் பேச்சு.

கால் நகரவில்லை. ஜன்னலுக்குக் கீழே வாசல் தெரிந்தது. நான் கட்டியிருந்த அதே சேலையில் ஒருத்தி வெளியே வந்தாள். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படி இருக்குது, பாத்து வாங்க" என்றார்.