பதினாலாம் தேதி வேண்டாம்

குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி திடீரென்று அலறியது. ஓடி வந்த டாக்டர், எட்டு மாதக் கர்ப்பிணியைப் புரட்டிப் படுக்க வைத்ததும் அடங்கியது.

"இனி தள்ளிப்போட முடியாது. பதினாலாம் தேதி காலையில ஆபரேஷன்."

"அன்னைக்கு வேண்டாம் டாக்டர்," என்றான் கணவன். "கப்பல் மூழ்கி முந்நூறு பேர் செத்த நாள்."

"பத்திரிகையில 'வரலாற்றில் இன்று' பகுதி எழுதறார். அந்தப் புத்தி," என்றாள் மனைவி.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் சார், அன்னைக்கு நல்லவங்க யாருமே பிறக்கலையா?"

"ஒரு விஞ்ஞானி பிறந்தார். ஆனா பாலம் இடிஞ்சதும் அன்னைக்குத்தான். பதிமூணு வச்சுக்கலாமே?"

"குழந்தையோட நுரையீரலுக்கு இன்னைக்குப் போட்ட ஊசி வேலை செய்ய ரெண்டு நாள் ஆகணும். பதினஞ்சு வரைக்கும் குழந்தை தாங்காது. உங்க பட்டியலைப் பார்த்தா நான் வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியைப் பூட்டி வைக்கணும்."

டாக்டர் நீட்டிய சம்மதத் தாளில் கையெழுத்திடாமல் அவன் பேனாவைத் திறந்து திறந்து மூடினான்.

"ஒரு போர் கூட அன்னைக்குத்தான்..."

மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பல், பாலமெல்லாம் சாக்கு டாக்டர். போன வருஷம் அதே தேதியிலதான் எங்க நாலு வயசுப் பொண்ணு போனா."