தூதன் சொல்லாத சாவு

கிரேக்க மேடையில் கொலை கதவுக்குப் பின்னால்தான் நடக்கும். தூதன் வெளியே வந்து சொன்னால்தான் செத்ததாகக் கணக்கு. ராணிக்கும் தூதனுக்கும் நடிகன் ஒருவனே, நிக்கோன். உள்ளே ராணியாக அலறி முடித்து, அவள் முகமூடியைக் கழற்றினான். அதன் உட்புறம் சுட்டது. காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது அவன் அம்மாவின் நெற்றியும் காய்ச்சலில் இப்படித்தான் கொதித்தது. தூதனின் முகமூடியோடு வெளியே வந்தவனைக் பாட்டுக்குழுவான கோரஸ் பதினைந்து பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"ராணியம்மாவுக்கு என்னாச்சு? சொல்லுப்பா!"

'ராணி செத்துவிட்டாள்' என்பதுதான் அவன் சொல்ல வேண்டிய வசனம்.

"சொல்லித் தொலைடா," என்று முகமூடிக்குள்ளேயே பல்லைக் கடித்தான் கோரஸ் தலைவன்.

"நல்லாத்தான் இருக்காங்க," என்றான் நிக்கோன்.

கத்தியோடு வெளியே வந்திருந்த கொலைகாரன் அதைக் கேட்டதும் வேலையை முடிக்க மறுபடி உள்ளே போகத் திரும்பினான். நிக்கோன் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றான். உள்ளே ராணியின் முகமூடி மட்டும்தான் கிடந்தது.