பத்துக்குச் சைபர்

"பத்துக்குச் சைபரா? நம்ம அபிநயாவா?"

தலைமையாசிரியர் ஜீவானந்தம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பிரபா நீட்டிய போனை உற்றுப் பார்த்தார்.

"நேத்து மட்டுமில்ல சார். ஒம்பது நாளா இப்படித்தான். என்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வராம நின்னாளோ, அன்னிலேர்ந்து."

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பிரபா, பாடத்துக்கு உதவும் ஆன்லைன் சமாச்சாரங்களை இரண்டு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தாள். ஒன்று கடவுச்சொல் கேட்டே உயிரை எடுத்தது. இன்னொன்று முதல் ஆள், கடைசி ஆள் என்று எல்லோர் போனுக்கும் பட்டியல் அனுப்பியது. கடைசியில் வந்த பிள்ளை அழுது ஆர்ப்பாட்டம் செய்துவிட்டது. தேடித் தேடி அகப்பட்டதுதான் இது. மாலை ஏழு மணிக்குப் பெற்றோர் போனுக்கு லிங்க் போகும். பிள்ளைகள் பெயரைத் தட்டி, பத்துக் கேள்விக்கும் நாலில் ஒரு விடையை அமுக்கினால் போதும். மதிப்பெண் டீச்சர் போனில் மட்டும்தான் தெரியும்.

அதில் தினமும் பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டிருந்தவள் அபிநயா.

"காய்ச்சல்னு லீவு லெட்டர் வந்திருக்கே டீச்சர்."

"போன வருஷம் யாழினிக்கும் காய்ச்சல்னுதான் சார் லெட்டர் வந்துச்சு. நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் கழுத்துல தாலியோட வந்து டிசி கேட்டா."

அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் பிரபாவை விட்டபாடில்லை.

"அதுக்காக எதை வெச்சுங்க புகார் பண்றது? சந்தேகத்துக்கு ஒருத்தர் ஊட்டு வாசல்ல அதிகாரிகளைக் கொண்டுபோய் நிறுத்திப்போட்டு, ஒண்ணுமில்லைன்னா? ஊரே இங்க வந்து நிக்கும். ஆதாரம்னு ஒண்ணு காட்டுங்க, நானே கையெழுத்துப் போடறேன். இந்த டெஸ்ட்டைத் தூக்கி வீசுங்க. எவனோ ஒரு பொடியன் போனை அமுத்தி வெளையாடறான்."

பள்ளி விட்டதும் பிரபா நேராக மோகனூர் சாலைக்கு வண்டியை விட்டாள். அபிநயாவின் அப்பா வெங்கடாசலம் அங்கே ஒரு கோழிப்பண்ணையில் மேஸ்திரி. குடும்பமும் பண்ணைக்குள்ளேயேதான். அவள் வண்டியை நிறுத்துவதற்குள் அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

"வாங்க டீச்சர். உள்ள கூப்பிட முடியலீங்க. கோழிக்குச் சீக்குப் பரவுதுன்னு வெளியாளு யாரையும் உடறதில்லீங்க."

"பரவாயில்லீங்க. அபிநயாவ ஒரு நிமிஷம் இங்க வரச் சொல்லுங்க."

"பாப்பா எடப்பாடியில எந்தங்கச்சி ஊட்டுல இருக்குதுங்க. புதங்கெழம கழிஞ்சா நானே கொண்டாந்து உடறனுங்க."

பிரபாவுக்குத் திக்கென்றது. நாளை மறுநாள் புதன். முகூர்த்தமென்று பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அன்றைக்கு லீவு கேட்டிருந்தார்கள்.

"போன்லயாவது பேசறனுங்க."

"இந்நேரம் தூங்குமுங்க." வெங்கடாசலம் சிரித்தார். "ஆனா டெஸ்ட்ட மட்டும் ஒரு நாளும் உடலீங்களே? வர்ற லிங்க அங்க அனுப்பி, எழுது சாமின்னு நாந்தானுங்க சொல்லி எழுத வெக்கறேன்."

"எழுதறாளுங்க. எல்லாமே சைபர்."

சிரிப்பு சட்டென்று நின்றது. உடனே சுதாரித்துக்கொண்டார்.

"தங்கச்சி பையன் ஒருத்தன் இருக்கறானுங்க, மூணு வயசு. போனப் புடுங்கி அவன் அமுத்தியிருப்பான்."

ஜீவானந்தம் சொன்ன அதே விளக்கம். கேட்டுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான கோழிகளின் கொக்கரிப்பு. அதற்குள் தனக்குத் தெரிந்த ஒரு குரல் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினாள்.

ஏழரை மணிக்கு அன்றைய மதிப்பெண்கள் வந்தன. அபிநயாவின் பெயரும் வந்தது. சைபர்.

கோபம் கோபமாக வந்தது. இந்தக் கருவியை வைத்துக்கொண்டு என்ன கிழித்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். அந்தக் கோபத்திலேயே, மூன்று வாங்கியிருந்த யோகேஷின் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏன்டா, பத்துக்கு மூணா? படிச்சியா இல்லையா?"

"கிரிக்கெட் பாத்துட்டிருந்தேன் டீச்சர். கேள்வியே படிக்கல. கண்ண மூடிட்டு அமுத்திட்டேன்."

"கண்ண மூடிட்டு அமுத்தியா மூணு வாங்கினே?"

பதில் வருமுன் போனை வைத்துவிட்டாள். அபிநயாவின் பத்து நாள் விடைகளையும் வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அடுத்த நிமிடம் ஜீவானந்தத்தை அழைத்தாள்.

"சார், குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் பண்ணப் போறேன். நீங்களும் கிளம்பி வாங்க. அபிநயா பண்ணைக்குள்ளதான் இருக்கா."

"அந்தாளு ஒத்துக்கிட்டாருங்களா?"

"இல்ல சார். மூணு வயசுப் பையன் அமுத்தினாலும் நாலுக்கு ஒண்ணு தன்னால சரியா விழும். பத்து நாள், நூறு கேள்வி, ஒண்ணுகூடச் சரியா விழல. நூறையும் தப்பாப் போடோணும்னா, நூறுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கோணும் சார். அவ எழுதறதக் கண்ணால பாத்ததாலதான், சைபர்னதும் அவங்கப்பா சிரிப்பு நின்னுபோச்சு. அவர் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கறப்பவே, பத்து நாளா அவ நம்மளக் கூப்பிட்டுக்கிட்டிருக்கா."