எழுத்தில்லாத மிரட்டல்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் இப்போதே கொட்டட்டும்.

எங்கள் மாடி வீட்டுக்குப் புதுசாக ஒரு மருமகள் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடை மூடப்போகும் நேரத்தில் மாமியாரிடமிருந்து அவள் போனுக்கு ஓர் எமோஜி வரும். எழுத்து ஒன்றும் இருக்காது. சிவப்பு மூஞ்சி, இரண்டு கொம்பு, வெளியே நீட்டிய கோரைப்பல்.

சில நாள் வரும், சில நாள் வராது. அதுதான் கொடுமை.

முதல் தடவை வந்தபோது கடையிலிருந்த கண்ணாடிக்கெல்லாம் வியர்த்துவிட்டது. துடைத்து மாளவில்லை!

கூட வேலை பார்க்கும் வாய்க்காரியிடம் காட்டினாள். “என்னடி இது?”

“ஜப்பான் பேய்டி. பேரு ஓனி. இரும்புத் தடியோட வந்து ஆளைத் தின்னுமாம். சில பேரு அதையே கூரையில காவலுக்கும் வைப்பாங்களாம்.”

“எனக்கு வந்தது எதுக்கு?”

“உன் மாமியாராவது, காவலாவது! தின்னத்தான்.”

அதிலிருந்து, படம் வந்தால் அவள் வீட்டுக்கே போவதில்லை. அக்கா வீட்டில் தங்கிவிடுவாள். மறுநாள் வந்தால், ‘எங்கே போனே?’ என்று மாமியார் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

அன்றைக்கும் வந்தது.

“இன்னைக்கு நேராவே கேட்டுடறேன்” என்று கிளம்பிவிட்டாள். மாடிப்படி ஏறினாள்.

தட்டுவதற்குள் கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுக்கில் மாமியார் முகம்.

“என்னைத் தின்னுடுவீங்களா அத்தை? தின்னுங்க!”

“கத்தாதேடி!” மாமியார் அவள் வாயைப் பொத்தினாள். அந்தக் கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வீங்கிக் கன்றியிருந்தது. “பேய் வந்திருக்குன்னு படம் போட்டேனே, ஏண்டி வந்தே?”

“எந்தப் பேய்?”

உள்ளே ஏதோ பாத்திரம் சுவரில் மோதி உருண்டது.

“அம்மா! அவ வந்துட்டாளா?”

அவள் புருஷனின் குரல். குழறிக் குழறி வந்தது. அப்படியொரு குரலை அவள் கேட்டதே இல்லை.

“குடியை விட்டுட்டேன்னு சொல்லித்தான் உன்னைக் கட்டிக்கிட்டான்” என்று மாமியார் கிசுகிசுத்தாள். “எனக்கு எழுதத் தெரியாது. போன்ல தேடிப் பார்த்தேன். குடிச்சா என் பிள்ளை முகம் எப்படியிருக்குமோ, அப்படியே இது ஒண்ணுதான் இருந்துச்சு. போயிடுடி!”

அவள் தனியாகப் போகவில்லை. வீங்காத கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே என் வீட்டுக்கு இறங்கினாள். மாமியார் காலில் செருப்புகூட இல்லை.

இப்போது அவன், “எங்க அம்மாவைப் பார்த்தீங்களா?” என்று வீடு வீடாகத் தட்டிக்கொண்டு வருகிறான். சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

அடுத்தது என் கதவு.