கண்வலி வீடு

“கண்ணு ரெண்டும் நல்லாச் சிவந்திருக்கா?” என்று அறை வாசலில் நின்றபடி கேட்டார் பூட்டு ரிப்பேர்காரர்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி முகக்கவசத்துக்கு மேலே கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். “வலது கண்ணு பரவாயில்ல. இடது கண்ணுல நோயே தெரியல. இன்னும் ரெண்டு தேய் தேயுங்க.”

கையிலிருந்த அரை வெங்காயத்தை இடது இமையில் வைத்துத் தேய்த்தார். உயிர் போயிற்று. எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும் என்று முனகிக்கொண்டார்.

அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமலிருக்க விழுங்கும் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துப் படுக்கப் போட்டுவிட்டது. “சின்னதா ஒரு தொத்து வந்தாக்கூட இவங்க உயிருக்கே ஆபத்து. யாரையும் உள்ள விடாதீங்க” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து செய்தித்தாளுக்கு இஸ்திரி, சாவிக்கொத்துக்கு சோப்புக் குளியல் என்று வீடே தலைகீழாகிவிட்டது. ஊரார் கதவையெல்லாம் திறந்துவிடுகிற மனுஷர், தன் வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டு போட்டார்.

மற்றவர்களைத் தடுத்துவிட்டார். அவருடைய அக்காவைத் தடுப்பதுதான் ஆகாத காரியம். நோயாளியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதால்தான் அவளுக்குப் பார்த்த மாதிரி இருக்கும். வராதே என்று சொல்லவும் வழியில்லை. புது ஃப்ரிட்ஜ் வாங்கியதைச் சொல்லவில்லையென்று இரண்டு வருஷம் பேசாமலிருந்தவள் அவள்.

காலையில் போன் வந்துவிட்டது. “நாங்க எல்லாருமே லீவு போட்டுட்டு வீட்டுலதான்டா கிடக்கோம். குடும்பத்தோட வந்து அவள ஒரு எட்டு பாத்துட்டுப் போறோம்.”

அதற்குத்தான் இந்தக் கண்வலி. ஒட்டிக்கொள்ளும் நோய் என்றால் அக்கா தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள் என்பது மனைவியின் கணக்கு.

அழைப்பு மணி அடித்தது.

“தம்பி, கதவெல்லாம் வேணாம். ஜன்னலத் திற, போதும்” என்றாள் அக்கா.

ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்வாள், அப்புறம் கட்டில்வரை வந்துவிடுவாள். அவருக்குத் தெரியாதா? ஜன்னலை விரல் அகலத்துக்குத் திறந்து முகத்தை வைத்தார். கண்ணீர் கொட்டிய கொட்டில் வெளியே நாலு உருவம் கலங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

“கிட்ட வராதக்கா. எனக்குக் கண்வலி.”

“ஐயையோ. எப்பலேர்ந்து?”

“முந்தாநாள்லேர்ந்து.”

“அப்ப அவளுக்கு?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்றால் போச்சு. ‘அப்ப அவள நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று நிற்பாள். பொய்யென்று வந்தபிறகு அரைகுறையாக எதற்கு?

“அவளுக்குத்தான்க்கா முதல்ல வந்துச்சு. அவகிட்டேருந்துதான் எனக்கே தொத்திக்கிச்சு.”

உள்ளேயிருந்து மனைவி பலே என்று சைகை காட்டினாள். இனி அக்கா ஓடிவிடுவாள் என்று அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அக்கா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். “இது தெரியாம, வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டு ஓடிடலாம்னு வந்தேன் பாரு. பூட்டத் திறடா, எங்க நாலு பேருக்கும் அதேதான்.”